தொட்டியில் நின்றவன்

அன்று காலை சோப்பு நுரைத்தது.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். அந்தத் தெருவில் கொஞ்ச நாள் குடியிருந்து பார்த்தால் கேட்கமாட்டீர்கள். அங்கே சோப்பு நுரைக்காது. உள்ளங்கையில் வைத்துத் தேய்க்கத் தேய்க்கப் பால் திரிந்ததுபோல் வெள்ளைத் திப்பியாய் உதிரும். தலைக்குக் குளித்தால் முடி விளக்குமாற்றுக் குச்சியாய் விறைத்துக்கொள்ளும். குழாய் வாயைச் சுற்றி வெள்ளைக் காறை கட்டும். கண்ணாடி டம்ளரை எப்படித் துலக்கினாலும், யாரோ அதற்குள் மூச்சு விட்டுவிட்டுப் போனதுபோல் மங்கலாகவே நிற்கும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். பாறையைக் கரைத்து வயிற்றில் சுமந்துகொண்டு மேலே வருகிற தண்ணீர்.

அப்படிப்பட்ட தெருவில், முகம் கழுவ நின்ற அவள் கைகளில் நுரை பொங்கியது. விரல் இடுக்குகளில் வழிந்தது. முழங்கைவரை ஏறியது. கழுவினால் போகாமல், சின்னக் கை ஒன்று ஆசையாய்த் தடவுவதுபோல் கன்னத்தில் மெத்தென்று ஒட்டிக்கொண்டு நின்றது.

குழாயை மூடினாள். மறுபடி திறந்து ஒரு வாய் பிடித்துக் குடித்துப் பார்த்தாள். நாக்கில் எப்போதும் தங்குகிற சுண்ணாம்புக் கரகரப்பு இல்லை. வெறும் குளிர்ச்சி. அது தொண்டையில் இறங்கியபோது, தாகம் தணிவதற்குப் பதில் கூடியதுபோல் இருந்தது.

தண்ணீர் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள் அவள். தெருவே அவளைத் தண்ணியக்கா என்றுதான் கூப்பிடும். எதிர்வீட்டுக்காரி வாய்த்துடுக்கானவள், வாசலில் பார்க்கும்போதெல்லாம் பிடித்துக்கொள்வாள். "தண்ணியக்கா, ஊருக்கெல்லாம் தண்ணிய சோதிச்சு அனுப்புறீங்க, நமக்கு மட்டும் சிமெண்ட கரைச்சு விடுறீங்களே, இது என்ன நியாயம்?" அந்த எதிர்வீட்டுக்காரியின் மகன், தெருவில் எல்லாரும் வாலு என்று கூப்பிடுகிற பொடியன், அதற்குள் இரண்டு தடவை தெருக்கோடிக்கு ஓடிப்போய் வந்திருப்பான். நடந்து யாரும் பார்த்ததில்லை அவனை.

அவன் ஓடுவதைத் தண்ணியக்கா ஒரு கணம் பார்ப்பாள். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள். அவளுக்கும் ஒரு மகன் இருந்தான். ஓடியதில்லை. நடந்ததில்லை. தரையில் நின்றதுகூட இல்லை.

நுரை பொங்கிய அன்று காலையிலேயே பாட்டிலில் வீட்டுத் தண்ணீரைப் பிடித்து வேலைக்குக் கொண்டுபோனாள். சோதனை சின்னதுதான். தண்ணீரில் ஒரு சிட்டிகை சாயப்பொடி போட்டால், சுண்ணாம்பு இருக்கிற தண்ணீர் திராட்சைச் சிவப்பாகும். அதன்மேல் ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கிக்கொண்டே இருந்தால், சுண்ணாம்பு முழுவதும் கட்டுப்பட்ட நொடியில் சிவப்பு நீலமாக மாறும். எத்தனை சொட்டு குடிக்கிறதோ அத்தனை கடினம். அவர்கள் தெருத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கும், கை கடுத்துப்போகும்.

அவள் பொடியைப் போட்டாள். ஒரு சொட்டுகூட விடவில்லை. குடுவை நீலமாக இருந்தது.

பக்கத்து மேசையிலிருந்த சோடாபுட்டி எட்டிப் பார்த்தார். தடித்த கண்ணாடிக்காக வந்த பட்டப்பெயர் அது. அவரே அதற்குத் திரும்பிப் பார்ப்பார். "பாட்டில் மாறிப்போச்சும்மா. காய்ச்சி வடிச்ச தண்ணிய எடுத்துட்டீங்க."

"எங்க வீட்டுக் குழாய்ல பிடிச்சதுங்க."

"அப்ப உங்க வீட்டுக் குழாய பேர்த்துக்கிட்டு இங்க வந்து மாட்டுங்க. வடிக்கிற செலவாவது மிஞ்சும்."

எதிர்வீட்டுத் தண்ணீரையும் கேட்டு வாங்கிவந்து மறுநாள் சோதித்தாள். பழைய சிவப்பு. பழைய கைகடுப்பு. ஒரே தெருக்குழாய்தான் இரண்டு வீட்டுக்கும். அவள் வீட்டு வாசல்வரைக்கும் சுண்ணாம்பு வருகிறது. அடுப்படிக் குழாய்க்கு வந்து சேரவில்லை. நடுவில் எங்கேயோ அது தங்கிவிடுகிறது.

நடுவில் இருப்பது மொட்டைமாடித் தொட்டி ஒன்றுதான். அவள் ஏறிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. மகன் போனதிலிருந்து அந்த மாடிப்படியில் அவள் கால் வைத்ததே இல்லை.

குட்டி என்றுதான் அவனைக் கூப்பிட்டார்கள். கண்ணாடி எலும்பு என்றார் வைத்தியர். தும்மினால் விலா முறியும், போர்வையை உதறினால் விரல் முறியும். சமையல்கட்டில் ஒரு மெத்தை போட்டு, கண்ணெதிரே படுக்கவைத்துக்கொண்டுதான் வேலை செய்வாள். வெந்நீர்க் கெட்டிலின் அடியில் ஏடு ஏடாகப் படிந்த வெள்ளையைக் கரண்டிக் காம்பால் சுரண்டியபடியே தினமும் சொல்லுவாள்: "இம்புட்டு சுண்ணாம்பு இந்தக் கெட்டில்ல ஒட்டுதே, உன் உடம்புல கொஞ்சம் ஒட்டினா என்னடா?"

"அப்ப நான் கெட்டிலா பொறந்திருக்கணும்" என்பான். "அம்மா, என்மேல டீ போடுவியா?"

சிரித்தால் வலிக்கும் அவனுக்கு. ஆனாலும் சிரிப்பான்.

அவன் நின்ற இடம் உலகத்தில் ஒன்றே ஒன்று. வெயில் நாட்களில், பஸ் ஓட்டி முடித்து வரும் அவன் அப்பா அவனை மாடிக்குத் தூக்கிப்போய், தொட்டியின் இரும்பு மூடியைத் திறந்து, அக்குளில் பிடித்து மெதுவாகத் தண்ணீருக்குள் இறக்குவார். தண்ணீர் அவனைத் தாங்கிக்கொள்ளும். பாதம் தரையில் படும். "அம்மா, நிக்கிறேன் பாரு." அவள் கீழேயிருந்து சத்தம் போடுவாள், ஊர்த் தண்ணீருக்கெல்லாம் சுத்தம் பார்த்துச் சொல்கிறவள் வீட்டுத் தொட்டியில் காலை வைக்கிறீர்களே என்று. அப்பனும் மகனும் காதில் வாங்கமாட்டார்கள்.

ஒரு மழைக்கால இருமல் வந்தது. விடவில்லை. இருமிய இருமலில் உள்ளே ஒவ்வொன்றாக முறிந்தது. அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் கண் பார்த்துப் பேசுவதில்லை. சண்டை ஒன்றும் இல்லை. பேசினால் உடைந்துவிடும் என்று பயம்.

ஒரு சாயங்காலம், அவர் வேலையிலிருந்து திரும்புவதற்குமுன், அவள் மாடிப்படி ஏறினாள். மஞ்சள் வெயில் சுவர்களில் சாய்ந்திருந்தது. பக்கத்து மாடிகளில் காய்ந்த துணிகள் விறைப்பாய்த் தொங்கின. எங்கோ ஒரு ரேடியோ தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தது. தொட்டியை நெருங்க நெருங்க ஒரு வாசனை, புதிதாக வெள்ளையடித்த சுவரின் வாசனை, ஈரமும் சுண்ணாம்புமாக, மூக்கை மெல்லச் சுட்டது. காதை வைத்தாள். உள்ளே பலகையில் சாக்பீஸ் உரசுவதுபோல் ஒரு சத்தம். விட்டுவிட்டு. நிதானமாக. ஏதோ தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருப்பதுபோல்.

மூடியைத் தூக்கினாள். சத்தம் நின்றது.

தண்ணீர் அடிவரை தெளிவாக இருந்தது. சுவரோரமாக, அவன் அப்பா அவனை எப்போதும் இறக்குகிற அதே மூலையில், வெள்ளையாக இரண்டு கட்டி. காறை படிந்திருக்கிறது என்று நினைத்தாள். குனிந்தாள். கண் பழகியது.

விரல்கள். பாதங்கள். பக்கம் பக்கமாக, சுவரைத் தொட்டபடி.

குட்டியின் இடது பாதம் பிறவியிலேயே உள்பக்கம் மடங்கியிருக்கும். இது மடங்கவில்லை. கணுக்கால்வரை, தேர்ந்த கை ஒன்று செதுக்கியதுபோல, நேராக இருந்தது.

அவள் கத்தவில்லை. மூடியை மெதுவாக, தூங்குகிற பிள்ளையின் அறைக் கதவைச் சாத்துவதுபோல் சாத்தினாள். படியில் உட்கார்ந்து இருட்டும்வரை அழுதாள். பயத்தில் அழுதாளா சந்தோஷத்தில் அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

அதன்பின் அடுப்படிக் குழாயை அவள் மூடுவதே இல்லை. தொட்டி காலியானால்தானே புதுத் தண்ணீர் ஏறும். சொட்டுத் தண்ணீரை வீணாக்காதே என்று சுவரில் எழுதி ஒட்டுகிற வாரியத்தில் வேலை பார்ப்பவள், பகலெல்லாம் குழாயைத் திறந்துவிட்டுப் போனாள். சாயங்காலம் மாடிக்கு ஏறினாள். முழங்கால் வந்தது. தொடை வந்தது. இடுப்பு, முதுகின் சின்னச் சின்னக் கண்ணிகள், விலாக்கூடு. ஒன்றுகூட முறியாதது. தண்ணீருக்குள் கையை விட்டுத் தடவிப்பார்த்தாள். கெட்டி. அப்படியொரு கெட்டி.

"சாப்பிடுடா" என்று தொட்டிக்குள் குனிந்து சொல்லுவாள். "நல்லா சாப்பிடு."

கழுத்துக்குமேல் மட்டும் இன்னும் வரவில்லை.

அப்போதுதான் தெருவுக்கு ஏரித் தண்ணீர் வந்தது. எத்தனையோ காலமாகத் தெருக்காரர்கள் கேட்டு நடந்தது பலித்துவிட்டது. கிணற்றுக் குழாயை அடைத்துவிட்டு, மென்மையான புதுத் தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்று தலைமுடியை விரித்துக் காட்டினாள். "தொட்டுப் பாருங்கக்கா, பட்டு மாதிரி. என் வீட்டுக்காரர் யாரோ வேற பொம்பளன்னு பயந்துட்டாரு."

தண்ணியக்கா சிரித்தாள். ஏரித் தண்ணீரில் சுண்ணாம்பு கிடையாது. பிள்ளை என்ன சாப்பிடுவான்.

சுண்ணாம்புப் பொடி வாங்கிவந்து தொட்டியில் கொட்டினாள். அது அடியில் மாவாய்த் தங்கியது. அவன் தொடவில்லை.

ஆனால் தாடை வந்தது.

அன்று காலை பல் துலக்கும்போது அவள் கடைவாய்ப்பல் ஒன்று பிரஷோடு வந்துவிட்டது. வலி இல்லை. ரத்தம் இல்லை. ஊறிய ரொட்டித் துண்டுபோல் விரலில் நசுங்கியது. அன்றைக்கே அவள் வீட்டுக்காரர் கையில் கட்டோடு வந்தார். கியர் மாற்றும்போது விரல் மடங்கிவிட்டதாம். எதிலும் இடிக்கவில்லையாம்.

"வயசாகுதில்ல" என்றார், முகத்தைப் பார்க்காமல்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. சுண்ணாம்பு இல்லாத தண்ணீருக்குப் பசி உண்டு. குழாயை அரிக்கும், சிமெண்டை அரிக்கும், எதைத் தொடுகிறதோ அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். பரிசோதனைக் கூடத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுத்த பாடம்தான். தொட்டியில் இருப்பவனை ஒட்டி நின்றுவிட்டு இறங்குகிற தண்ணீரைத்தான் இரண்டு பேரும் குடிக்கிறார்கள்.

ஆசிட் பாட்டிலை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். காறை போக்குகிற ஆசிட். ஊற்றினால் பொங்கிக் கரைந்து ஒரு நாழிகையில் ஒன்றும் மிஞ்சாது. மூடியைத் திறந்தாள். கண்குழி வந்திருந்தது. இரண்டு வட்டமான பள்ளம், அவளைப் பார்த்து. ஒரு மகனைப் பெற்று எத்தனை தடவை சாகக் கொடுப்பது.

"ஊத்தாத."

அவர் படியில் நின்றிருந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை இழுத்துக்கொண்டு.

"உங்களுக்குத் தெரியுமா?"

"நீ வேலைக்குப் போனப்புறம் நானும் வருவேன்." மூச்சு வாங்கியது அவருக்கு. "நிக்கிறாம்மா. யாரும் புடிக்காம நிக்கிறான்."

"உங்கள உருக்கித்தாங்க அவன் நிக்கிறான்."

"எடுத்துக்கட்டும். எனக்கு எதுக்கு எலும்பு."

வெகு நாளைக்குப் பிறகு இருவரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் வேண்டுமென்றே அந்தத் தண்ணீரைச் செம்பு செம்பாகக் குடித்துக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவரைக் கைத்தாங்கலாய் இறக்கிவந்தாள். பிடித்த இடத்தில் அவர் தோள் மெத்தென்று அமுங்கியது. அப்படியே அமுங்கி இருந்தது.

பிள்ளையும் வேண்டும். இந்த மனுஷனும் வேண்டும். இரண்டில் ஒன்று என்று யார் சொன்னாலும் கேட்கிற நிலையில் அவள் இல்லை.

குழாய்க்காரரைக் கூப்பிட்டாள். வாசலில் தெருக்குழாயும் வீட்டுக்குழாயும் சேருகிற இடத்தில் ஒரு பித்தளை வால்வு இருக்கும்; வெளியே இருக்கிற தண்ணீரை உள்ளே விடும், உள்ளே இருப்பதை வெளியே விடாது. அதைக் கழற்றச் சொன்னாள்.

குழாய்க்காரர் தலையைச் சொறிந்தார். "அக்கா, வேற யாராவது சொன்னா விவரமில்லன்னு நெனைப்பேன். நீங்க சொல்றீங்க. சப்ளை நின்னா தெருக்குழாய் காலியாயி, வீட்டுக்குள்ள இருக்கிறத உறிஞ்சும். இது இல்லேன்னா உங்க தொட்டித் தண்ணி மொத்தமும் தெருவுக்குப் போயிடும்."

"தெரியும்."

"அடுத்த சப்ளையில எல்லா வீட்டுக்கும் அதான் போகும்."

"தெரியும்ப்பா. கழட்டு."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. தண்ணியக்காவுக்குத் தெரியாத தண்ணீரா.

சப்ளை நின்றதும் தொட்டிக்குள் ஒரு நீளமான விழுங்கல் சத்தம். மாடியிலிருந்து சுவருக்குள், சுவரிலிருந்து தரைக்குள், தரையிலிருந்து தெருவுக்கு. குழாய்கள் நடுங்கின. ஏதோ பெரிதாக, கெட்டியாக, வளைவுகளில் தட்டித் தட்டி இறங்கிப் போயிற்று. அவள் ஓடிப்போய்ப் பார்த்தாள். தொட்டி காலி. மூலையில் யாரும் இல்லை. இரண்டு பாதத்தடம் மட்டும், வெள்ளையாக.

பெற்ற வயிறு அல்லவா. பிள்ளையை முதன்முதலாகத் தனியே வெளியே அனுப்பியவள்போல் வாசலிலேயே காத்திருந்தாள்.

வீட்டுக்காரருக்குத் தோள் கெட்டிப்படத் தொடங்கியது. எழுந்து உட்கார்ந்தார். அவள் எதிர்வீட்டுப் பக்கம் பார்ப்பதை நிறுத்தினாள். காதை மூட முடியவில்லை. முதலில் யாரோ பல்வலி என்றார்கள். பிறகு தெருக்கோடி வீட்டில் யாரோ கட்டிலை விட்டு எழவில்லை என்றார்கள். சைக்கிள்மணிகள் குறைந்தன. செருப்புச் சத்தம் குறைந்தது. தெரு மெல்ல மெல்ல அமைதியாயிற்று. சுவர்களுக்குள் மட்டும், எல்லா வீட்டுச் சுவர்களுக்குள்ளும், அந்த உரசல்.

ஒரு காலையில் அவள் ஜன்னலைத் திறந்தபோது வாலு தெருவில் ஓடிவந்துகொண்டிருந்தான்.

பாதித் தூரத்தில் அவன் உயரம் குறைந்தது.

விழவில்லை. இறங்கினான். முழங்கால் ஈரத்துணியாய் மடிந்தது, அதற்குமேல் தொடை மடிந்தது, அதற்குமேல் அவன். சத்தமே இல்லை. தார்ரோட்டில் உட்கார்ந்து தன் கால்களைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"தண்ணியக்கா" என்றான். "எந்திரிக்க முடியல."

எதிர்வீட்டுக் கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து அவன் அம்மா ஏதோ சொல்ல முயன்றாள். தாடையில்லாத சொல்.

அவள் வாசலுக்குப் போக எழுந்தாள். எழுந்தவள் நின்றாள்.

தரைக்கடியில் வந்துகொண்டிருந்தது. தெருக்கோடியிலிருந்து. குழாயோடு. வாசல். சுவர். மேலே. மாடியில் இரும்பு மூடி கவிழ்ந்து உருண்டது.

"வர்றான்" என்றார் அவர், கட்டிலிலிருந்து.

காலடி.

திடமான காலடி. தளம் அதிர்கிற காலடி. ஒரு படி. இன்னொரு படி. பிடிக்காமல். விழாமல். அவள் பெற்றதிலிருந்து கேட்க ஏங்கிய சத்தம்.

ஜன்னலுக்கு வெளியே அந்தப் பொடியன் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். "அக்கா. அக்கா."

அவள் திரும்பவில்லை. மாடிக்கதவின் தாழ்ப்பாளை எடுத்தாள்.

மாடிக்கதவின் நிலையில் வெள்ளையாக முழங்கால்கள் நின்றன. அவள் மார்புயரத்துக்கு. இடுப்பெலும்பு நிலையின் மேல்கட்டையை அடைத்திருந்தது. தலை தெரியவில்லை. ஒரு தெருவின் எலும்பு முழுவதும். போதும் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அவன் மெதுவாக, உரசி உரசி, குனிந்தான். நிலைக்கடியில் முகம் வந்தது. வாய் நிறையப் பல். வரிசை வரிசையாக, பெரியவர்கள் பல்லும் பாலர் பல்லும்.

தண்ணீர் சொட்டியது.

அவளைப் பார்த்ததும் நீண்ட இரண்டு கைகளையும் மேலே உயர்த்தினான், எல்லாப் பிள்ளைகளும் செய்வதுபோல்.

தூக்கச் சொல்லி.